படகுக்கு ஒரு ஜாபிதா

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மையநாயக்கனூர் என்ற பழைய பெயரைக் கொடைக்கானலுக்காக விட்டுக்கொடுத்த கொடைரோடு ரயில் நிலையம் இருக்கிறது. பன்னீர் திராட்சைக் கூடைகளும் நிலக்கோட்டை மல்லிகையின் வாசனையும் கலந்து வீசும் இந்த நிலையத்திலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், கடலைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தாக வேண்டும். இத்தகைய ஊரை வைத்துக்கொண்டு பாய்ப்படகு சாஸ்திரத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுத முற்படுவது வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் மலைமேல் ஓடைகளைத் தேக்கிக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கிய பிறகு, அதில் விடுவதற்கான முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்தே வரவழைத்தார் என்பது அந்த மலையின் சரித்திரத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. கடலுக்காகப் பிறந்த ஒரு படகு, மலை உச்சியில் உள்ள நன்னீரில் மிதப்பதற்காகச் சமவெளியைக் கடந்து மேலே ஏறியது. அப்படி ஏறும்போது அந்தப் படகின் குணங்களில் எவை எவை பிரயோஜனம் இழந்தன, எவை புதிதாக வேண்டியிருந்தன என்ற கேள்வியே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

புதிதாக ஒரு சிறு பாய்ப்படகு செய்து தரச் சொல்லிப் பட்டறைக்கு எழுதுகிறவருக்கு, படகின் விலையோடு கூட ஒரு நீண்ட ஜாபிதாவும் வந்து சேருகிறது. படகின் அடியில் நிலையாக நீண்டு நிற்கும் ஏரா வேண்டுமா, தூக்கி இறக்கும் நடுப்பலகை வேண்டுமா. பாய் சாதாரண பாலியெஸ்டர் துணியில் போதுமா, கார்பன் இழை கலந்ததாக வேண்டுமா. முன்பாயைச் சுருட்டி வைக்கும் உருளை, பாய்மர உச்சியில் காற்றளக்கும் கருவி, பெரிய மோட்டார், தானே திசை காக்கும் சுக்கான், பாசி பிடிக்காத பூச்சு என்று அந்த ஜாபிதா நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தொகை பணத்தைப் பற்றியது மாத்திரமே. அந்தப் பொருளைச் சேர்ப்பதற்காகப் படகு தன் வேகத்திலோ, ஸ்திரத்திலோ, லகுவிலோ என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டாவது விலையை எந்தப் பட்டறையும் அச்சிடுவதில்லை. பௌதிகம் படித்தவர்கள் அதைத் தாமாகவே கணக்கிட்டுக்கொள்ள முடியும். அதற்கு வேண்டிய கணிதம் பள்ளிக்கூடத்து அளவைத் தாண்டியதும் அல்ல.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். பாயின் மீது காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தைப் பொறுத்து நேராக வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. பத்துச் சதுர மீட்டர் பாயொன்று, மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசும் காற்றில் சுமார் 16 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், காற்று இருமடங்காகி 20 கடல் மைலை எட்டும்போது அதே பாய் 65 கிலோவை எட்டிப் பிடிக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் கிராமங்களில் சொல்லும்போது, இந்த வர்க்க விதியைத்தான் அதன் பெயர் தெரியாமல் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியாகப் புகுந்து திண்டுக்கல் சமவெளியில் புழுதி கிளப்பும் மாதங்களில், காலையில் இதமாக இருந்த காற்று பிற்பகலில் இருமடங்காவதை இங்கே யாரும் ஆச்சரியமாகக் கருதுவதில்லை. ஆனால் ஒரு பாய்ப்படகுக்கு அது நாலு மடங்கு பாரம் ஏறியது போன்ற சம்பவம்.

இனி மலைமேல் போவோம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆகையால் தூத்துக்குடியில் 16 கிலோ விசை தந்த அதே காற்று, அதே வேகத்தில் கொடைக்கானலில் வீசினால் 13 கிலோதான் தரும். கடற்கரையில் தைத்த பாயை அப்படியே மலைக்குக் கொண்டுபோகிறவர், தமக்குத் தெரியாமலே ஐந்தில் ஒரு பங்கு பாயைக் கீழே விட்டுச் செல்கிறார் என்று சொன்னால் தவறில்லை. அந்த நஷ்டத்தை ஈடுசெய்யப் பாயின் பரப்பைக் கால் பங்கு பெரிதாக்கினால் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் கணக்கு சொல்வதை ஏரி ஒப்புக்கொள்ள வேண்டுமே! சுமார் 60 ஏக்கர் பரப்பில், பல கிளைகளாகப் பிரிந்து, சுற்றிலும் மேடுகளும் மரங்களும் சூழ்ந்த நீர்நிலை அது. அங்கே காற்று நிலையான திசையில் ஒழுங்காக வருவதற்கு இடமில்லை. மரங்களுக்கு மேலிருந்து திடீரென்று இறங்கும், அடுத்த நிமிஷம் அடங்கிவிடும், வளைவைத் தாண்டினால் எதிர்த்திசையிலிருந்து முகத்தில் அடிக்கும். இத்தகைய காற்றுக்குப் பெரிய பாயைக் காட்டிலும் உயரமான பாய் உதவும், ஏனெனில் மரங்களின் மறைவுக்கு மேலே இருக்கும் காற்றுதான் சற்று ஒழுங்கானது. ஆனால் உயரமான பாய் படகை அதிகமாகச் சாய்க்கும். உபகாரம் வந்த வழியிலேயே அபகாரமும் வருகிறது.

சாய்வு என்று சொன்னதும், சிறிய படகு என்ற சொல்லுக்குப் பௌதிகத்தில் உள்ள அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு படகுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைவிட நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இருமடங்கு. பெரியதன் பாயின் பரப்பு நாலு மடங்கு, பாயின் உயரம் இருமடங்கு. ஆகவே அதைச் சாய்க்க முயலும் திருப்புவிசை எட்டு மடங்கு. அதன் எடை எட்டு மடங்கு, அந்த எடை நிமிர்த்தும் நெம்புகோலின் நீளமோ இருமடங்கு. ஆகவே நிமிர்த்தும் திருப்புவிசை பதினாறு மடங்கு. சாய்ப்பது எட்டு, நிமிர்த்துவது பதினாறு என்னும்போது பெரிய படகு தன்னியல்பாகவே இருமடங்கு உறுதியானது என்று தேறுகிறது. இதையே தலைகீழாகப் படித்தால், படகு சிறுக்கச் சிறுக்க அதன் ஸ்திரம் அதன் உடலிலிருந்து விலகி, அதில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடலுக்கு மாறிவிடுகிறது என்று தெரியும். பெரிய கப்பலுக்குப் பொருந்தும் அலங்காரங்களைப் பதினாறு அடிப் படகுக்கு ஏற்ற நினைக்கிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

பாக் நீரிணைக் கரைக்காரர்கள் இதை மறக்கவில்லை. சென்னை ராஜதானியின் மீன்துறை இயக்குநராக இருந்து, இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல், அந்தக் கரையில் மூன்று பாய்மரங்கள் கொண்ட படகுகளின் குறுக்கே ஒரு நீண்ட பலகை நீட்டியிருப்பதையும், காற்று வலுத்தபோது ஆட்கள் அந்தப் பலகையின் மேல், காற்று வரும் பக்கமாக வெளியே சென்று அமர்வதையும் விவரித்திருக்கிறார். இன்றைய பந்தயப் படகுகளில் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கி வெளியே சாயும் ஏற்பாடு இதே தத்துவத்தின் வேறொரு வடிவம். ஜாபிதாவில் இந்தத் தொங்குகம்பி ஒரு சிறு தொகைக்கு இருக்கும். ஈயத்தை ஏராவில் வார்த்துப் பெறும் ஸ்திரத்தை, மனிதனின் எடையை ஒரு மீட்டர் வெளியே நகர்த்திப் பெறும் இந்த உபாயம் மிகச் சிக்கனமானது. ஆனால் படகில் ஏறப் போகிறவர் அறுபது வயதைத் தாண்டியவரென்றாலோ, குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவரென்றாலோ, அது வெறும் கம்பியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாய்மர உச்சிக்கு என்ன அனுப்புகிறோம் என்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பழைய கடைகளில் பயன்பட்ட வெள்ளிக்கோலில், நீண்ட கையின் முனைக்கு நகர்ந்த சிறு குண்டு, குட்டையான கையில் தொங்கும் பெரிய மூட்டையைத் தூக்கி நிறுத்துமே, அப்படித்தான் பாய்மரமும். நீர்மட்டத்துக்கு மேலே ஏழு மீட்டர் உயரத்தில் ஒரு கிலோ எடையுள்ள கருவியை வைத்தால், அதைச் சமன்செய்ய நீருக்கு ஒரு மீட்டர் கீழே ஏழு கிலோ ஈயம் வேண்டும். ஆக, ஒரு கிலோவை வாங்கினவர் எட்டுக் கிலோவைச் சுமக்கிறார். முன்பாயைச் சுருட்டும் உருளை இந்த விஷயத்தில் சுவாரசியமானது. கயிற்றை இழுத்தவுடன் பாய் சுருண்டு ஒடுங்கிவிடுவதால், அலைமோதும் படகின் முனைக்குப் போய்த் துணியோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. தனியாகப் படகோட்டுகிறவருக்கு அது உயிரையே காக்கக்கூடும். ஆனால் சுருட்டிய துணியும் அதைத் தாங்கும் உலோகக் குழாயும் நாள் முழுவதும் உயரத்திலேயே தொங்குகின்றன. பாதி சுருட்டிய பாயோ தன் வளைவை இழந்து மூட்டையாகப் புடைத்து, காற்றை எதிர்த்து ஏறும் சக்தியை இழந்துவிடுகிறது. ஏரியில் ஓடும் பதினாறு அடிப் படகுக்கு நான் அதை வாங்கமாட்டேன். கடலில் தனியாகச் செல்லும் இருபத்தைந்து அடிப் படகுக்கு முதலில் வாங்குவேன்.

உயரத்தில் எடை எப்போதும் தீமையே என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1979ஆம் வருஷம் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்ப்படகுப் பந்தயத்தில் பெரும்புயல் தாக்கிப் பதினைந்து படகோட்டிகள் இறந்த பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், பாய்மரம் முறிந்துபோன படகு பாய்மரத்தோடு இருக்கும் படகைவிடச் சுலபமாக உருண்டுவிடுகிறது என்று தெரியவந்தது. பாய்மரத்தின் ஜடத்துவம், ஓர் அலையின் திடீர் அடியைத் தாமதப்படுத்தி எதிர்க்கிறது. மெதுவாகச் சாய்க்கும் காற்றுக்கு எது பலவீனமோ, சட்டென்று அடிக்கும் அலைக்கு அதுவே கவசம். சிறு ஏரியில் அத்தகைய அலை எழுவதில்லை; எனவே அங்கே இந்த நியாயம் செல்லாது.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் டார்க்கி நகரத்தில் நீண்ட நீர்த்தொட்டி கட்டி, அதில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து, ஓடும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிறைப்படுகிறது என்பதை நிலைநாட்டினார். அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. படகின் முன்னலைக்கும் பின்னலைக்கும் இடைப்பட்ட தூரம் படகின் நீளத்தை எட்டியவுடன், அதற்கு மேல் வேகமாகப் போவதென்றால் தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற வேண்டும். பதினாறு அடி நீர்க்கோட்டுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 5.4 கடல் மைல், அதாவது பத்துக் கிலோமீட்டர். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பத்துக் குதிரைத்திறன் வாங்கினவர், பின்புறம் நீரில் அமிழ்ந்து முன்புறம் வானத்தைப் பார்க்கும் படகையும், கனமான பெட்ரோல் டின்னையும் அதிகமாகப் பெறுகிறார்.

நீருக்குக் கீழே நடப்பது இன்னும் ரசமானது. காற்றை எதிர்த்து ஒரு படகு முன்னேறுவது பாயால் மட்டும் ஆகும் காரியமல்ல. மேலே பாய் ஓர் இறக்கையாகவும், கீழே ஏராவோ நடுப்பலகையோ இன்னொரு இறக்கையாகவும் நின்று, இரண்டுக்கும் இடையே அகப்பட்ட படகு பிதுங்கி முன்னே செல்கிறது. நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது; ஆகையால்தான் பத்துச் சதுர மீட்டர் பாய்க்கு எதிராக அரைச் சதுர மீட்டர்ப் பலகையே ஈடுகொடுக்க முடிகிறது. இந்தப் பலகை நிலையாக இருந்தால் அடியில் ஈயம் வார்த்து ஸ்திரத்தையும் சேர்த்துப் பெறலாம். தூக்கி இறக்கக்கூடியதாக இருந்தால் ஆழமற்ற நீரில் போகலாம். பாக் வளைகுடாவின் பெரும்பகுதி பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ராமர் பாலத்து மணல்திட்டுகளின் மேல் ஒன்றிரண்டு மீட்டர் தண்ணீர்தான் நிற்கிறது. அங்கே ஒன்றரை மீட்டர் நிலையான ஏராவோடு போகிறவர், ஜாபிதாவில் தாம் மிச்சம் பிடித்த தொகையைப் போல் பல மடங்கைப் படகை மணலிலிருந்து மீட்பதற்குக் கொடுப்பார். கொடைக்கானலிலோ, படகைக் கரையேற்றி வண்டியில் வைக்கும் சௌகரியத்துக்காகவே நடுப்பலகை வேண்டும். மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளில் ஈய ஏராவைச் சுமந்து ஏறும் வண்டியை நினைத்தாலே போதும்.

அடிப்பாகத்துப் பூச்சைப் பற்றிப் பேசும்போது, ஆங்கிலேய ரசாயன விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மரக்கப்பலின் அடியைக் கடற்புழு துளைக்காமலும் சிப்பிகளும் பாசியும் பற்றாமலும் காக்க, ஆங்கிலேயக் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலுக்குச் செம்புத் தகடு போர்த்திப் பார்த்து, பிறகு கப்பற்படை முழுவதற்கும் அந்த வழக்கத்தைப் பரவச் செய்தது. செம்பு உப்புநீரில் மெல்ல மெல்ல அரித்துப் போவது மட்டும் குறையாக இருந்தது. அதை நிவர்த்திக்கும்படி கேட்கப்பட்ட டேவி, 1824இல் செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ தொடும்படி பொருத்தினால், அந்த மட்டமான உலோகமே முதலில் கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று கண்டுபிடித்தார். மின்ரசாயன சாஸ்திரத்தின் பிரமாதமான வெற்றி அது. செம்பு அரிப்பது அப்படியே நின்றுபோயிற்று. ஆனால் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அவற்றின் அடியெல்லாம் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. செம்பு கரைந்து நீரில் கலந்த நஞ்சுதான் அதுவரை அந்தப் பிராணிகளை விரட்டிக்கொண்டிருந்தது; கரைவதை நிறுத்தியவுடன் விரட்டுவதும் நின்றுவிட்டது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவியின் துத்தநாகத் துண்டு இன்று பல படகுகளின் சுக்கான் இரும்புகளிலும் மோட்டார்களிலும் நன்றாகவே பணிசெய்கிறது. உறுப்பு ஒன்றைச் சீர்திருத்தும்போது, அதன் குறையைச் சார்ந்தே இயங்கிக்கொண்டிருந்த மற்றோர் உறுப்பு என்ன ஆகும் என்று கேட்கும் பழக்கம் டேவிக்கே அன்று கைகூடவில்லை என்றால், ஜாபிதாவைப் பார்த்துக் குறியிடும் நமக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு அரிதாயிருக்கும்! எப்படியாயினும், பயன்படுத்தியவுடன் கரையேற்றி வைக்கும் சிறு படகுக்கும், மலையேரியின் நன்னீரில் ஓடும் படகுக்கும் அந்த விலையுயர்ந்த பூச்சே அனாவசியம்.

இனி இரண்டு படகுகளின் சரித்திரம். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் இளம் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் தமக்காக ஒரு சிறு படகு கட்டிக்கொள்ள விரும்பினார். நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கைக்கருவிகளைக் கொண்டு செதுக்கிக் கட்டிய அந்த 32 அடிப் படகு 1964இல் நீரில் இறங்கியது. சுஹைலி என்று பெயர். அதன் வரைபடமோ வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் 1920களில் வரைந்த பழையது. அதற்கும் மூலம் நார்வே நாட்டின் உயிர்காப்புப் படகுகள். முனையிலிருந்து பின்புறம் வரை நீண்டு ஓடும் ஏராவும், இரண்டு பாய்மரங்களும், பருத்த உடலும் கொண்ட அந்தப் படகை நாகரிகமானது என்று அன்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். 1968இல், எங்கும் தங்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் அறிவிக்கப்பட்டபோது, நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும் பெரிய எஃகுப் படகொன்று புதிதாகக் கட்டிக்கொள்ளத்தான் ஆசை, பணம் கிடைக்கவில்லை. கையிலிருந்த தேக்குப் படகோடு ஜூன் 14ஆம் தேதி ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்.

அதே பந்தயத்தில் சேர்ந்த இன்னொருவர் டொனால்ட் கிரோஹர்ஸ்ட். காஜியாபாதில் 1932இல் பிறந்தவர், மின்னணுப் பொறியாளர், கூரிய புத்தியுடையவர். மூன்று உடல்களைக் குறுக்கே இணைத்த நாற்பது அடிப் படகை அவர் புதிதாகக் கட்டச் செய்தார். அத்தகைய படகு அகலத்தாலேயே ஸ்திரம் பெறுவதால் ஈயம் வேண்டியதில்லை. லகுவாகவும் வேகமாகவும் ஓடும். ஆனால் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே அளவு ஸ்திரத்தோடு மிதக்கும். இந்தக் குறையைக் கிரோஹர்ஸ்ட் நன்றாக அறிந்திருந்தார். ஆகவே பாய்மர உச்சியில் ஒரு ரப்பர்ப் பையை வைத்து, படகு சாயும்போது மின்சாரக் கருவிகள் தாமாகவே உணர்ந்து அந்தப் பையில் வாயுவை நிரப்பிக் கவிழாமல் தடுக்கும் என்று ஓர் ஏற்பாட்டை வகுத்தார். யோசனையில் பிழையில்லை. ஆனால் பந்தயத்தில் புறப்பட அனுமதித்திருந்த கடைசி நாளான அக்டோபர் 31 அன்று அவர் டின்மத் துறையை விட்டு அவசரமாகக் கிளம்பியபோது, படகின் உள்ளே ஓடிய கம்பிகள் பல எதனோடும் இணைக்கப்படாமலே கிடந்தன. தெற்குக் கடல்களுக்குப் போனால் கவிழ்வது நிச்சயம் என்ற பயமும், திரும்பினால் கடனில் மூழ்குவது நிச்சயம் என்ற பயமும் சேர்ந்து, அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இடங்களைத் தந்தியில் அறிவிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளின. 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த அவருடைய படகை ஒரு தபால் கப்பல் கண்டெடுத்தது.

சுஹைலியும் குறையற்ற படகல்ல. தண்ணீர்த் தொட்டி கெட்டது, ரேடியோ பழுதாயிற்று, மரப்பலகைகளின் மூட்டில் நீர் கசிந்தபோது நாக்ஸ்-ஜான்ஸ்டன் கடலுக்குள் மூழ்கி அதை அடைக்க வேண்டியிருந்தது. தாமே வகுத்துப் பொருத்தியிருந்த தானியங்கிச் சுக்கானும் ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது உடைந்து போயிற்று. அதன் பிறகும், பாதி உலகம் பாக்கி இருக்கையில், அவர் தூங்கினார். படகு தன் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. இது எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது. பாயின் மீது விழும் விசையின் மையம், நீரின் எதிர்ப்பு மையத்துக்குப் பின்னால் போனால் படகின் முனை காற்றை நோக்கித் திரும்பும். முன்னால் வந்தால் காற்றை விட்டு விலகும். இரண்டு பாய்மரங்கள் உள்ள படகில் முன்பாயையும் பின்பாயையும் சற்றே இழுத்தும் தளர்த்தியும் அந்த மையத்தை நினைத்த இடத்தில் நிறுத்திவிடலாம். நீண்ட ஏரா, எந்தத் திருப்பத்தையும் சோம்பலாகவே அனுமதித்து, அந்தச் சமநிலை கலையாமல் காக்கும். சுஹைலிக்குத் தானியங்கிச் சுக்கான் ஒரு சௌகரியமாக இருந்தது. கிரோஹர்ஸ்டின் படகுக்கோ அந்த ரப்பர்ப் பை உயிர்நாடியாக இருக்க வேண்டியிருந்தது. உபரி உறுப்பு உடைந்தபின் எஞ்சும் படகைப் பற்றி யாரும் பட்டறைக்காரரிடம் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது அதுதான். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பிறகு, புறப்பட்ட ஒன்பது பேரில் ஒருவராக நாக்ஸ்-ஜான்ஸ்டன் மட்டும் பந்தயத்தை முடித்தார். தமக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுன் பரிசைக் கிரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பந்தயத்துக்கு எட்டு வருஷம் முன்பே, தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஹாஸ்லர் என்ற ராணுவ அதிகாரி தம்முடைய ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகில் செய்திருந்த மாறுதல்களை, சேர்த்தவை என்பதைவிடக் கழித்தவை என்று சொல்வது பொருத்தம். சீனத்து வள்ளங்களில் இருப்பதுபோல் மூங்கில்வரிசையாய் மடங்கும் ஒற்றைப் பாய், அதை ஏற்றவும் மடிக்கவும் நடுவிலுள்ள ஒரு வட்டத் திறப்பில் நின்றபடியே இழுக்கும் கயிறுகள், அவ்வளவுதான். அட்லாண்டிக்கை 48 நாட்களில் கடந்தார்.

இந்தக் கழித்தல் நம் கடற்கரைக்குப் புதியதல்ல. கட்டுமரக்காரன் கட்டைகளை ஆணியால் அறைவதில்லை, கயிற்றால் கட்டுகிறான், கரையேறியவுடன் அவிழ்த்துக் காயவைக்கிறான், பிடிக்கப் போகும் மீனுக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறான், குறைக்கிறான். படகு முழுவதுமே மாற்றத்தக்க உறுப்புகளால் ஆனது. நிரந்தரமாக ஒன்றையும் அவன் தேர்ந்தெடுத்துவிடவில்லை. இதே புத்தியை வேறொரு வழியில் காட்டியது, கனடாவில் புரூஸ் கர்பி 1969இல் வரைந்த லேசர் என்ற ஒற்றை ஆள் படகு. சுமார் 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ எடையும் உள்ள ஒரே உடல், அதற்கு 7.06, 5.8, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்கள். ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ற பாயை ஏற்றிக்கொள்ள வேண்டியது. பந்தய விதிகள் மற்ற மாறுதல் எதையும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக டோக்கியோவுக்குச் சென்றதும், பிறகு பாரிஸுக்குச் சென்றதும் இந்தப் படகின் நடுத்தரப் பாயை ஏற்றித்தான். இந்தப் படகுப் பிரிவில் உலகத்தின் தேர்ந்த படகோட்டிகளெல்லாம் ஒரே ஜாபிதாவோடு, அதில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொண்டு போட்டியிடுகிறார்கள் என்பதைப் புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியாகப் பாய்த்துணி. கார்பன் இழைத் துணி நீளாது, வளைவு மாறாது, பந்தயத்தில் அது நிமிஷங்களைச் சம்பாதித்துத் தரும். ஆனால் மடித்த இடங்களில் அது முறியும். ஒட்டுப்படலமும் நாளடைவில் பிரியும். சாதாரண பாலியெஸ்டர் துணி கொஞ்சம் நீண்டாலும் பல வருஷம் உழைக்கும். அதற்கு உண்மையான சத்துரு காற்றல்ல, நம் வெயில். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் அந்த இழையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன; மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் அந்தக் கதிர்கள் இன்னும் உக்கிரமாக இறங்குகின்றன. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கொடைக்கானலில் பாயை மூடாமல் விட்டுவைப்பவர், சமவெளியில் விட்டுவைப்பவரைவிட விரைவில் புதுப் பாய் தைக்கக் கொடுப்பார். ஆகவே நல்ல உறையொன்று ஜாபிதாவில் கட்டாயம் குறிக்கத்தக்கது.

அதைவிட முக்கியமாக நான் குறிப்பது பாயைச் சுருக்கிக் கட்டுவதற்கான கண்களை, ஒரு வரிசையாக அல்லாமல் இரண்டு வரிசையாக. காற்று 10 கடல் மைலிலிருந்து 15க்கு ஏறினால் விசை இரண்டேகால் மடங்காகிறது என்பதை முன்பு பார்த்த விதியிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அப்போது முக்கோணப் பாயின் அடியில் மூன்றில் ஒரு பங்கு பரப்பைச் சுருக்கிக் கட்டினால், பரப்பு குறைவதோடு பாயின் உச்சியும் கீழே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து சாய்க்கும் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இரண்டாவது வரிசையை இறக்கினால் ஆடிமாதத்துப் பிற்பகலிலும் அதே படகு அதே ஆட்களோடு நிமிர்ந்து ஓடும். தைக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால், சில பித்தளை வளையங்களுக்கும் கொஞ்சம் தடித்த துணிக்கும் ஆகும் செலவுதான். பிறகு நினைவு வந்தால், பாயைச் சுருட்டிக் கட்டி மறுபடியும் கொடைரோட்டிலிருந்து பார்சலில் அனுப்ப வேண்டியிருக்கும்.